டேஷ்போர்டு இன்னும் வெந்துகொண்டிருக்கிறது

பேரையூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இருபது வயதைத் தாண்டிய சின்னக் கார். முன் கண்ணாடியின் உட்பக்கத்தை எத்தனை தடவை துடைத்தாலும் சில வாரங்களில் எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடுகிறதாம். மழை பிடித்தால் அதன்மேல் ஆவியும் படிந்து ரோடே தெரிவதில்லையாம். ஒரு மெக்கானிக் ஹீட்டர் ஒழுகுகிறது என்கிறார். இன்னொருவர் பழைய வண்டி என்றால் இப்படித்தான் என்கிறார். கார் சாமான் கடைக்காரர் ‘நானோ’ ஸ்பிரே ஒன்றை எடுத்து நீட்டுகிறார். யார் சொல்வது சரி?

மெக்கானிக் இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். கடைக்காரரைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

வாசகர் தினமும் டி.கல்லுப்பட்டிக்குப் போய்வருபவர் என்றால் தொல்லை இரட்டிப்பு. பேரையூருக்குக் கிழக்கே கல்லுப்பட்டி. காலையில் போகும்போதும் வெயில் முகத்தில், மாலையில் திரும்பும்போதும் முகத்தில். உச்சி வேளையில் கண்ணுக்கே தட்டுப்படாத பிசுக்கு, சாய்ந்த வெயிலில் கண்ணாடி முழுவதையும் வெளிற வைத்துவிடும். இரவில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டும் அதைத்தான் செய்கிறது.

இந்தப் பிசுக்கு பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை, டேஷ்போர்டிலிருந்தே வருகிறது. பழைய கார்கள் பலவற்றில் டேஷ்போர்டின் மேல்தோல் பிவிசி. வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதே பிவிசிதான், இயல்பில் விறைப்பானது. அதை மெத்தென்று ஆக்க, தாலேட் வகையைச் சேர்ந்த எண்ணெய் போன்ற திரவங்களைக் கலக்கிறார்கள். பிளாஸ்டிசைசர் என்று பெயர். இவை பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பில் இல்லை, இடுக்குகளில் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அந்தச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, பக்கத்தில் சூடு குறைந்த பரப்பு எது என்று பார்த்துப் படிகின்றன. ராத்திரியில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் முன் கண்ணாடி தன் சூட்டை எல்லாம் மேலே விட்டுவிட்டுக் காரிலேயே குளிர்ந்த இடமாகிவிடுகிறது. வேறெங்கே போய்ப் படியும்?

இட்லிச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் சூடு, மேலே மூடி, மூடியின் உட்பக்கம் முத்து முத்தாக வியர்வை. டேஷ்போர்டுதான் மாவு, முன் கண்ணாடி மூடி. நம்மவர்கள் டேஷ்போர்டு மேல் வெல்வெட் விரிப்புப் போடுவதால் இட்லித் துணிக்கும் குறையில்லை. என்ன, இட்லி பத்து நிமிடத்தில் வெந்துவிடும். இது இருபது வருடமாக வெந்துகொண்டிருக்கிறது, இன்னும் இறக்கியபாடில்லை. அடுப்பில் மறந்துபோன இட்லி தண்ணீர் வற்றி வெடிப்பதுபோல, பழைய டேஷ்போர்டும் எண்ணெய் வற்றித்தான் விறைத்து விரிசல் விடுகிறது. அந்த விரிசலில் காணாமல் போனதில் ஒரு பங்கைத்தான் வாசகர் கண்ணாடியிலிருந்து துடைத்துக்கொண்டிருக்கிறார்.

கார் கம்பெனிகளுக்கு இது தெரியாத விஷயமல்ல. உட்புறப் பொருளின் ஒரு துண்டை 100 டிகிரியில் மூன்று மணி நேரம் சூடாக்கி, மேலே குளிர்ந்த கண்ணாடி வைத்து, அது எவ்வளவு மங்குகிறது என்று அளக்க ஜெர்மன் தரவிதியே இருக்கிறது. அதன் எண் 75201.

இனி ஆவிக்கு வருவோம். என்னைக் கேட்டால் ருசியான பகுதி இதுதான். பிசுக்கும் ஆவியும் இரண்டு தனி நோய் என்று வாசகர் நினைக்கிறார். அப்படி இல்லை. சுத்தமான கண்ணாடியின் பரப்பில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த முனைகள் நெருக்கமாக நிற்கின்றன. நீர் மூலக்கூறு வந்தால் பற்றி இழுத்துக்கொள்கின்றன. அதனால் படிகிற நீர் மெல்லிய தகடாகப் பரவிவிடும். தகட்டின் வழியே வெளிச்சம் நேராகப் போகும். கண்ணாடி நனைந்திருப்பதே தெரியாது. அதே பரப்பில் ஒரே ஒரு மூலக்கூறு தடிமனுக்கு எண்ணெய் ஏறினாலும் போதும், கதை மாறிவிடும். எண்ணெயின் மேல் நீர் பரவ மறுத்து, தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான நுண்துளிகளாக உட்காரும். ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தை ஒவ்வொரு பக்கம் திருப்பும். கண்ணாடியில் நிற்கும் நீரின் அளவு இரண்டிலும் ஒன்றேதான். ஒன்றில் ரோடு தெரிகிறது, மற்றதில் வெள்ளையாக ஒரு மூட்டம். பார்வையைக் கெடுப்பது நீரல்ல, நீர் உட்காரும் விதம்.

பிள்ளைகள் ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் பேர் எழுதுவார்கள். ஆவி போனதும் எழுத்து மறைந்துவிடும். பல நாள் கழித்து மறுபடி மழை வரும்போது அதே பேர் திரும்ப எழும். விரல் ஒரு தடத்தில் பிசுக்கை வழித்தது, இன்னொரு தடத்தில் ஈஷிவிட்டது. துளிகள் அதை அப்படியே படித்துக் காட்டுகின்றன.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு: ஆர்கானுக்காக 1904இல் நோபல் வாங்கிய லார்டு ராலே, 1911இல் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றி எழுதினார். கண்ணாடி மேல் ஊதுகுழல் சுடரை ஓட்டிவிட்டு மூச்சை ஊதினால் சுடர் போன தடம் மட்டும் மங்காது. சுடர் பிசுக்கைப் போக்கிவிட்டது என்பது அவர் கட்சி. ஸ்காட்லாந்துக்காரர் ஜான் எயிட்கென் ஒப்பவில்லை. அவர்கள் சண்டை நமக்கு எதற்கு?

ஆனால் ஹீட்டர் என்று சொன்ன மெக்கானிக்கை ஒதுக்கிவிட முடியாது. டேஷ்போர்டுக்குப் பின்னால் குட்டி ரேடியேட்டர் போல ஒன்று இருக்கும். ஹீட்டரே போடாவிட்டாலும் பல வண்டிகளில் இன்ஜினின் சுடுநீர் அதன் வழியே ஓடிக்கொண்டேதான் இருக்கும். மூடியிருப்பது காற்று வரும் கதவு மட்டும். அந்தக் குட்டி ரேடியேட்டர் பொத்தல் விட்டால் கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைகால் ஆவியோடு வந்து கண்ணாடியில் ஒட்டும். இலேசான இனிப்பு வாடை வரும். துடைத்தால் போகாமல் இழுபடும். இடதுபக்கம் கால் வைக்கும் இடத்தில் கார்பெட் ஈரமாகும். கூலன்ட் மட்டம் இறங்கும். நம் பக்கம் நிறையப் பேர் கூலன்டுக்குப் பதில் பச்சைத் தண்ணீர் ஊற்றியே ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு வாடையும் வராது, பிசுக்கும் வராது. ஆவி மட்டும் விடாமல் படியும். கார்பெட் ஈரம், ஆனால் மட்டம் இறங்கவில்லை என்றால் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும். அது சின்ன வேலை.

சந்தேகம் தீர ஒரு வழி. கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்து, இன்ஜினைத் தொடாமல் ஒரு வாரம் வண்டியை வெயிலில் போடுங்கள். அப்போதும் பிசுக்கு ஏறினால் டேஷ்போர்டு. அதன்மேல் பூசிய பாலிஷும் எண்ணெய் சென்ட்டும் கூட்டாளிகள். வெயிலில் நின்றவரை ஒன்றுமில்லை, வண்டி ஓடி இன்ஜின் சூடேறி புளோயரைக் கண்ணாடிப் பக்கம் திருப்பியதும் மங்குகிறது என்றால் ஹீட்டர். புதிதாக மாற்றலாம். கொடைக்கானல் போகும் நாள் தவிர பேரையூரில் ஹீட்டருக்கு என்ன வேலை என்று ஹோஸை நேராகக் கோத்து அதைக் கழற்றிவிடும் மெக்கானிக்குகளும் உண்டு. தப்பில்லை.

‘நானோ’ ஸ்பிரே? மங்கலைத் தடுக்கும் ஸ்பிரேக்களில் பல, சோப்பின் உறவுக்காரப் பொருளைக் கண்ணாடியில் பூசி, நீரைத் தகடாகப் பரவ வைப்பவைதான். ஷாம்பு பாக்கெட்டும் அதைச் செய்யும். இரண்டும் சீக்கிரம் போய்விடும். பிசுக்கின் மேலேயே அடித்தால் அதுவும் இல்லை. நிறுத்திய காரில் பென்சீன் கொப்பளிக்கிறது, ஏசி போட்டால் புற்றுநோய் என்று வாட்ஸ்அப்பில் வருடம் தவறாமல் சுற்றும் செய்தியை இந்தப் பிசுக்கோடு முடிச்சுப் போட வேண்டாம். கண்ணாடியில் படிவது அவ்வளவு எளிதில் ஆவியாகாத பிளாஸ்டிசைசர். வண்டியில் ஏறியதும் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுவது நல்லதுதான், அனல் வெளியே போகும்.

துடைப்பதற்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு கலந்த தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், கடைசியில் மெடிக்கலில் கிடைக்கும் ஸ்பிரிட். ஒவ்வொன்றுக்கும் வேறு துணி. தோளில் கிடக்கும் துண்டு வேண்டாம், அதில் தேங்காய் எண்ணெய் இருக்கும். மழையில் ஏசியை வெளிக்காற்று நிலையில் வைத்துக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். ஓர் ஆள் மூச்சிலேயே மணிக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு தண்ணீர் வெளியேறுகிறது. காரில் நாலு பேர் உட்கார்ந்து, உள்காற்றே சுற்றும்படி லீவரைத் தள்ளிவைத்தால் அதுவும் கண்ணாடிக்குத்தான் போகும்.