இளவட்டக்கல்லும் கூச்ச சுபாவக் கங்காணியும்

தை பிறந்ததும் தெற்கத்திப் பக்கமிருந்து கைபேசிக்கு ஒரு காணொளி தவறாமல் வந்துவிடுகிறது. வள்ளியூர் அருகே வடலிவிளையில் பொங்கலுக்கு நடக்கும் இளவட்டக்கல் போட்டி. நூறு கிலோவைத் தாண்டிய உருண்டைக் கல் ஒன்றை இளைஞர் குந்தி அணைத்து, தொடைக்கு ஏற்றி, நெஞ்சில் சாய்த்து, தோளைத் தாண்டிப் பின்னால் வீசுகிறார். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. கீழே வரும் கேள்வி ஆண்டுதோறும் ஒன்றுதான்: ஜிம்முக்குப் போய் புஜம் வளர்த்தவர் திணறும் கல்லை ஒல்லிப்பிச்சான் ஒருவர் தூக்குவது எப்படி?

கல்லைத் தூக்கினால்தான் பெண் தருவார்கள் என்ற கதையும் கூடவே வரும். எத்தனை கல்யாணம் இதனால் கூடிவந்தது, எத்தனை நின்றுபோனது என்று யாரும் கணக்கு வைத்திருப்பதாகத் தெரியவில்லை. நிலமும் நகையும் பேசாத சம்பந்தம் நம் ஊரில் நடந்ததா என்ன? ஊர்க் கதை இருக்கட்டும்; பளுவைப் படிப்படியாகக் கூட்டிப் பயிற்சி தருவதை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். போரில் அடிபட்ட வீரர்களிடம் கண்டதை அவர் 1945இல் எழுதினார். வரலாறு இவ்வளவு போதும்.

கேள்விக்கு வருவோம். பளு தூக்கத் தொடங்கும் எவரும் முதல் மாதத்திலேயே ஒரு விந்தையைக் காண்பார். முதல் நாள் பத்துக் கிலோவுக்குத் தடுமாறிய கை நான்காவது வாரம் பதினைந்தைச் சாதாரணமாகத் தூக்கும். டேப் வைத்து அளந்தால் புஜத்தின் சுற்றளவு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். பிறகு பலம் எங்கிருந்து வந்தது? மொரிடானி, டெவ்ரீஸ் என்ற இருவர் தசைகளின் மின்சமிக்ஞையை அளந்து 1979இல் பதில் சொன்னார்கள். முதல் சில வாரங்களின் பலத்தில் பெரும்பங்கு நரம்பின் கணக்கில் வரவாகிறது. தசை பிறகுதான் வந்து சேர்கிறது.

ஆத்தூர்ப் பக்கம் வாழைத்தார் லாரியில் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மூளைதான் கங்காணி. தண்டுவடத்திலிருந்து தசைக்கு வரும் ஒவ்வொரு இயக்க நரம்பணுவும் ஒரு கோஷ்டி. அது ஆட்டிவைக்கும் தசைநார்கள் அந்தக் கோஷ்டியின் ஆட்கள். கண்ணை அசைக்கும் தசையில் கோஷ்டிக்குச் சுமார் பத்துப் பேர். கெண்டைக்கால் தசையில் ஆயிரத்தைத் தாண்டும். குரல் கொடுத்தால் கோஷ்டி மொத்தமும் எழும், இல்லையென்றால் ஒருவரும் எழமாட்டார். கூப்பிடும் வரிசையும் மாறாது: சின்னக் கோஷ்டி முதலில், பெரிய கோஷ்டி கடைசியில். எல்வுட் ஹென்னமேன் இதைப் பூனைகளின் நரம்புகளில் கண்டு 1965இல் விரிவாக எழுதினார். சின்னக் கோஷ்டி சளைக்காமல் நாள் முழுக்க வேலை பார்க்கும். பெரிய கோஷ்டிக்கு முரட்டு பலம், ஆனால் ஒரு நிமிடத்தில் பீடி பற்றவைக்க ஒதுங்கிவிடும்.

புதிதாகக் கல்லைத் தொடுபவரின் கங்காணி கூச்ச சுபாவி. பெரிய கோஷ்டியை முழுசாகக் கூப்பிடத் தயங்குகிறார்; கூப்பிட்டாலும் குரல் விட்டு விட்டு வருகிறது. போதாக்குறைக்கு லாரியின் மறுபக்கம் இன்னொரு கும்பல் ஏற்றிய தாரை இறக்கிக்கொண்டிருக்கிறது: மடக்கும் தசை இழுக்கும்போது நீட்டும் தசையும் பதற்றத்தில் இறுகிக்கொள்கிறது. பழகப் பழகப் பெரிய கோஷ்டி எழுகிறது, குரல் இடைவிடாமல் விழுகிறது, எதிர்க்கும்பல் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறது. ஆளும் கூடவில்லை, கூலியும் கூடவில்லை, ஏறிய தார் மட்டும் கூடியிருக்கிறது. லாரியில் இதற்கு மேல் ஏற்றினால் குடைசாய்ந்துவிடும் என்பதால் நானும் இறங்கிக்கொள்கிறேன்.

நரம்பின் பங்குக்கு இன்னும் வேடிக்கையான சாட்சியம் 1894இல் யேல் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தபோது சும்மா இருந்த மறு கைக்கும் பலம் கூடியதை ஸ்கிரிப்ச்சர் என்ற உளவியலாளரின் குழு பதிவுசெய்தது. அது இன்றுவரை மீண்டும் மீண்டும் உறுதியாகியிருக்கிறது. ஒரு கையில் மாவுக்கட்டு இருக்கும்போது மறு கைக்குப் பயிற்சி கொடுத்தால் கட்டுக்குள் இருக்கும் கையின் பலம் குறைவாகவே சரிகிறது.

அந்த ஒல்லி இளைஞரின் ரகசியமும் இங்கேதான். கங்காணி கற்பது அந்தந்த வேலைக்கான வரிசையை. ஜிம்மின் பளுக்கம்பியில் பிடி உண்டு, எடை இருபுறமும் சமம். இளவட்டக்கல்லில் பிடிக்க இடமே இல்லை. உள்ளங்கை, முன்கை, நெஞ்சு, தொடை எல்லாம் சேர்ந்து அணைக்க வேண்டும். கம்பியில் நூறு கிலோ தூக்குபவரின் நரம்புக்கு இந்தப் பாடம் புதிது. அதற்காகத் தசைக்கு மதிப்பில்லை என்று சொல்லவரவில்லை. இரண்டு தடவை காமன்வெல்த் தங்கம் வென்ற வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கத்தின் தொடையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்கள். நாலு தை கல்லோடு பழகினால் ஜிம்காரர் ஒல்லிக்காரரை முந்திவிடக்கூடும்.

சரி, எதற்காகத் தூக்குகிறோம்? இளைஞர்களில் பலர் கண்ணாடிக்காகத்தான் தூக்குகிறார்கள். அதில் குற்றமில்லை, ஆனால் கண்ணாடி மோசமான கடன்காரர். மாதக்கணக்கில் ஒன்றும் திருப்பித் தராது. ரிச்சர்ட் ரையன் குழுவினர் உடற்பயிற்சிக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களைக் கவனித்து 1997இல் எழுதிய கட்டுரையில், தொடர்ந்து வருவதோடு சேர்ந்திருந்த காரணங்கள் மகிழ்ச்சி, திறமை கூடும் உணர்வு, கூட்டாளிகள். தோற்றத்துக்காக வந்ததற்கும் நிலைத்து வந்ததற்கும் அப்படித் தொடர்பு தெரியவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. திறமை கூடுவதை நரம்பு முதல் மாதமே காட்டிவிடுகிறது. பனியனைக் கழற்றிப் படம் எடுப்பதைவிட, தூக்கிய எடையை நோட்டில் எழுதிவைப்பவர் அதை நேரில் காண்பார்.

உண்மையில் பளு தூக்க மிக வலுவான காரணம் உள்ளவர்கள் ஜிம் பக்கமே போவதில்லை. வயதாக ஆக இயக்க நரம்பணுக்கள் சாகின்றன. பெரிய கோஷ்டிகளுக்குத்தான் சேதம் அதிகம். அதனால் தசை மெலிவதைவிட வேகமாகப் பலம் சரிகிறது. தரையில் உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாமல் போவது இப்படித்தான். பாஸ்டனில் மரியா ஃபியடரோனின் குழு முதியோர் இல்லவாசிகள் பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்குக் கனத்த எடைப் பயிற்சி கொடுத்து 1990இல் முடிவை வெளியிட்டது. வயது 86 முதல் 96 வரை. தொடைத்தசை கூடியது 9 சதவீதம். பலம் கூடியது சராசரியாக 174 சதவீதம். இருவர் கைத்தடியை விட்டார்கள். சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை; பின்னால் வந்த பெரிய ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டின.

"வீட்டு வேலையே போதும்", "உப்பளத்தில் சுமக்காத சுமையா?" என்பார்கள். ஒரே சுமையை ஓய்வின்றி ஆண்டுக்கணக்கில் சுமப்பது மூட்டைத் தேய்க்கும் உழைப்பு. பயிற்சியில் எடை படிப்படியாகக் கூடும், நடுவில் ஓய்வும் உண்டு.

விளம்பரங்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கிலோ தசை கூடினால் சும்மா இருக்கும்போதே கொழுப்பு கரைந்து ஓடும் என்கிறார்கள். அது ஒரு நாளில் எரிப்பது சுமார் 13 கலோரி. ஒரு சின்னக் கரண்டிச் சர்க்கரைக்குக்கூடக் காணாது. பெண்கள் தூக்கினால் ஆண்போல் ஆகிவிடுவார்கள் என்பது அடுத்த புரளி. அந்த அளவுக்கு டெஸ்டோஸ்டிரோன் அவர்கள் உடலில் ஊறுவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் தசைப் பயிற்சிக்கென்று கேட்டது வாரத்துக்கு இரண்டு நாளாவது, அவ்வளவுதான். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, குடலிறக்கம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அடுத்த முறை ஜிம்முக்குக் கிளம்பும்போது வீட்டுப் பெரியவரையும் கூட்டிப்போங்கள். அங்கே புரோட்டீன் டப்பாவை நீட்டினால் வாங்க வேண்டாம்; உடம்பைத் தேற்ற அத்தகைய பொடிகளைத் தவிர்க்கும்படி 2024இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே சொல்லியிருக்கிறது.