ஒரு கோல் தூரத்தில் உலகக் கோப்பை

17 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பை கால்பந்துக்கு மைதானத்தில் ஜெயித்துத் தகுதி பெற இந்தியச் சிறுவர்கள் பல முறை முயன்றிருக்கிறார்கள். ஒரு முறை எதிரணி தடுத்தது. இன்னொரு முறை தடுத்தது கிருமி.

2018 அக்டோபர் 1. மலேசியாவில் ஆசியக் கோப்பையின் (16 வயதுக்கு உட்பட்டோர்) கால் இறுதி ஆட்டம். எதிரே தென் கொரியா. ஜெயித்தால் அரை இறுதி மட்டுமல்ல, உலகக் கோப்பையிலும் இடம். இந்தியத் தடுப்பாட்டம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் அசையாமல் நின்றது. 68வது நிமிடத்தில் ஜியோங் சாங் பின் பந்தை வலைக்குள் தள்ளினார். 1-0. கதை முடிந்தது.

அதற்கு முன் வியட்நாமை 1-0 என்று வென்று, ஈரானையும் இந்தோனேஷியாவையும் கோல் போட விடாமல் தடுத்து வந்த அணி அது. ஈரானுடன் ஆடியபோது கோல்கீப்பர் நீரஜ் குமார் பெனால்டியையே தடுத்தார். நான்கு ஆட்டங்களில் இந்தியா வாங்கியது ஒரே ஒரு கோல். சங்கடமான மறுபக்கமும் உண்டு. நான்கு ஆட்டங்களில் இந்தியா போட்டதும் ஒரே ஒரு கோல்தான், அதுவும் பெனால்டி.

இதற்கு ஓராண்டு முன்புதான் இந்தியா முதன்முறையாக உலகக் கோப்பையில் ஆடியிருந்தது. ஆனால் 2017ல் அந்த இடம் போட்டியை நடத்திய நாடு என்பதால் கிடைத்தது. அமெரிக்கா, கொலம்பியா, கானா மூன்றிடமும் தோல்வி. கொலம்பியாவுக்கு எதிராக மணிப்பூரின் ஜீக்சன் சிங் தலையால் முட்டிப் போட்டதுதான் ஃபிஃபா உலகக் கோப்பைகளில் இந்தியாவின் முதல் கோல். அந்த அணியின் 21 பேரில் 8 பேர் மணிப்பூர்க்காரர்கள். விருந்தாளியாக உள்ளே போவதற்கும் வாசலைத் தட்டித் திறந்துகொண்டு போவதற்கும் உள்ள வித்தியாசம் மலேசியாவில் ஒரு கோல் அளவுக்குக் குறைந்திருந்தது.

பிறந்த தேதியின் கணக்கு

இந்தப் போட்டிகளின் ஏணி எளிமையானது, ஆனால் இரக்கமற்றது. முதல் படி தகுதிச் சுற்று. சில நாடுகள் ஒரே ஊரில் கூடி, சில நாட்களுக்குள் எல்லோரும் எல்லோருடனும் மோதுகிறார்கள். அதில் தேறும் அணிகள் ஆசியக் கோப்பைக்குப் போகும். 2018ல் அங்கிருந்து அரை இறுதிக்கு வந்த நான்கு அணிகளுக்கே உலகக் கோப்பை வாய்ப்பு.

பெரியவர்கள் தோற்றால் நான்கு ஆண்டுகள் கழித்து மறுபடி முயலலாம். சிறுவனுக்கு அது கிடையாது. 2018 போட்டியில் ஆட 2002 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்திருக்க வேண்டும். அடுத்த போட்டிக்கு அந்தத் தேதி 2004 ஜனவரி 1. 2002லும் 2003லும் பிறந்தவர்களுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். 2003 டிசம்பரில் பிறந்தவன் தன்னைவிட ஏறக்குறைய இரண்டு வயது மூத்தவர்களோடு மோதித்தான் அந்த வாய்ப்பைப் பெற வேண்டும். அந்த வயதில் இரண்டு ஆண்டு என்பது ஓர் அடி உயரம்கூட ஆகலாம். பிறப்புச் சான்றிதழை மட்டும் நம்ப முடியாது என்பதால் 2009 உலகக் கோப்பையிலிருந்து மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து எலும்பு வளர்ச்சியைப் பார்க்கிறது ஃபிஃபா.

ஆடாமலே தோற்றவர்கள்

2004, 2005ல் பிறந்தவர்களின் கதை இன்னும் கசப்பானது. 2019 செப்டம்பரில் தாஷ்கண்டில் நடந்த தகுதிச் சுற்றில் பிபியானோ ஃபெர்னாண்டஸ் பயிற்சியளித்த இந்திய அணி துர்க்மெனிஸ்தானையும் பஹ்ரைனையும் தலா 5-0 என்று நொறுக்கியது. உஸ்பெகிஸ்தானை அதன் சொந்த மண்ணிலேயே 1-1 என்று தடுத்து நிறுத்தியது. முந்தைய அணியிடம் இல்லாத கோல் போடும் வேகம் இதனிடம் இருந்தது.

ஆனால் அந்த அணி ஆசியக் கோப்பையில் ஆடவே இல்லை. கொரோனாவால் தள்ளிப்போன போட்டி 2021 ஜனவரியில் ரத்தானது. பெருவில் நடக்கவிருந்த 2021 உலகக் கோப்பை அதற்கு முந்தைய மாதமே ரத்தாகிவிட்டது. அடுத்த போட்டி வந்தபோது 2006ல் பிறந்தவர்களின் முறை. தாஷ்கண்டில் ஜெயித்த பையன்களுக்கு வயது கடந்துவிட்டிருந்தது. தோற்றவனுக்கு எங்கே தவறினோம் என்று தெரியும். இவர்களுக்கு அதுகூடத் தெரியாது.

அடுத்து வந்தவர்கள் 2022ல் சவுதி அரேபியாவின் தம்மாமில் மாலத்தீவு, குவைத், மியான்மர் அணிகளை வென்று தேறினார்கள். 2023ல் தாய்லாந்தில் வியட்நாமுடன் 1-1, உஸ்பெகிஸ்தானிடம் 0-1, ஜப்பானிடம் 4-8. ஜப்பானுக்கு எதிராக நான்கு கோல் போடுவது சாதாரண விஷயமல்ல. எட்டு வாங்கினால் அதனால் பயனும் இல்லை. 2024 தகுதிச் சுற்றில் புருனேயை 13-0 என்று வென்ற அணி தாய்லாந்திடம் 2-3 என்று தோற்று வெளியேறியது. பலவீனமான அணிக்கு எதிராக எத்தனை கோல் குவித்தாலும் தலைவிதியைத் தீர்மானிப்பது ஒரு கடினமான ஆட்டம்தான்.

2025 நவம்பர் 30 அன்று அகமதாபாத்தில் அப்படியொரு ஆட்டம். பாலஸ்தீனத்துடன் சமநிலை, சீன தைபேயிடம் வெற்றி, லெபனானிடம் 0-2 தோல்வி என்று தடுமாறி வந்த இந்தியா, ஈரானை வென்றே ஆக வேண்டும். முதல் கோல் ஈரானுடையது. இடைவேளைக்குச் சற்று முன் தல்லால்முவோன் காங்தே பெனால்டியில் சமன் செய்தார். இரண்டாம் பாதியில் குன்லெய்பா இன்னொன்று போட்டார். 2-1. சவுதி அரேபியாவில் 2026ல் நடக்கும் ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது. பயிற்சியாளர் அதே பிபியானோ.

அகலமான கதவு

இதற்கிடையே விதிகளே மாறிவிட்டன. 2025லிருந்து இந்த உலகக் கோப்பை ஆண்டுதோறும், 24க்குப் பதில் 48 அணிகளோடு நடக்கிறது. ஆசியாவில் அரை இறுதி வரை போக வேண்டியதில்லை. கால் இறுதிக்கு வந்தாலே போதும். 2018ல் இந்த விதி இருந்திருந்தால், தென் கொரியாவிடம் தோற்ற அந்த அணி உலகக் கோப்பையில் ஆடியிருக்கும். எந்த ஆண்டில் பிறந்தோம் என்ற அதிர்ஷ்டக் கணக்கும் ஓரளவு குறைந்துவிட்டது.

ஆனால் கதவு இந்தியாவுக்கு மட்டும் அகலமாகவில்லை. உஸ்பெகிஸ்தானும் இந்தோனேஷியாவும் அதே வாசலில் நிற்கின்றன. ஆண்டுதோறும் போட்டி என்றால் ஆண்டுதோறும் புதிய அணி வேண்டும். ஓர் அணியைப் பொறுக்கி இரண்டு ஆண்டு முகாமில் வைத்து வளர்க்கும் பழைய முறை இனி எடுபடாது. மணிப்பூரின் ஓரிரு மாவட்டங்களையும் சில அகாடமிகளையும் மட்டும் நம்பியிருக்காமல், 13, 14 வயதிலேயே நூற்றுக்கணக்கான சிறுவர்கள் வாரந்தோறும் கடினமான ஆட்டம் ஆடும் ஏற்பாடு வேண்டும். 2018ல் குறைந்தது ஒரு கோல். அதைப் போடக்கூடியவன் ஏதோ ஓர் ஊர் மைதானத்தில் இருந்திருக்கலாம். அவனை யாரும் போய்ப் பார்க்கவில்லை என்றால், அடுத்த தலைமுறைக்கும் இதே கணக்குதான்.