சூளையும் எட்டு மணி நேரமும்

மங்கலம்பேட்டைப் பக்கத்திலிருந்து விருத்தாசலம் பீங்கான் பட்டறைக்கு வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு கணக்கு உண்டு: மணிக்கணக்கு, பீஸ் கணக்கு. சட்டம் பார்ப்பது முதலாவதை. சம்பளம் போடுவது பெரும்பாலும் இரண்டாவதை வைத்து.

மணிக்கணக்கு மெல்ல மெல்லத்தான் இறங்கியது. 1911-ஆம் ஆண்டுச் சட்டப்படி பஞ்சாலையில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம். 1922-இல் வாரத்துக்கு 60. 1934-இல் 54. அம்பேத்கர் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில், 1946-இல், 48. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் அதை நிலைநிறுத்தி, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்றது. குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் அதே ஆண்டில் வந்ததுதான்.

அன்றைய சட்டத்தின் பலம் ஆய்வாளர் சொல்லாமல் வந்து நிற்பதில் இருந்தது. பதிவேட்டின்படி ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விட்ட ஆள் ஏழு மணிக்குச் சூளையில் அகல் அடுக்கிக்கொண்டிருந்தால், மேற்கொண்டு சாட்சி தேவையில்லை. வராத ஆய்வாளர்களும், வந்து டீ குடித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். தண்டனையோ போகப்போகச் சொற்பமாகிவிட்டது. குறைந்தபட்ச ஊதியச் சட்டப்படி, கூலியைக் குறைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம். 1948-இல் 500 ரூபாய் பெரிய தொகை. ஆனால் மத்தியச் சட்டத்தில் அது கடைசிவரை 500-ஆகவே கிடந்தது. குறைந்த கூலியைக் கேட்டு மனுப்போடத் தொழிலாளிக்கு இருந்த கெடு ஆறு மாதம்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் அபராதம் 50,000 வரை, கெடு மூன்று ஆண்டு. கூலி கொடுத்தேன் என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. முன்பு பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும் இருந்த குறைந்தபட்சக் கூலி இப்போது எல்லா வேலைக்கும் உண்டு. இவை சிறிய ஆதாயங்கள் அல்ல. ஆனால் எந்தப் பட்டறைக்கு ஆய்வாளர் போவது என்பதைக் கணினி குலுக்கிச் சொல்ல இடமிருக்கிறது. கூலிக் குறைப்பு அல்லாத முதல் தவறென்றால் வழக்குக்கு முன் திருத்திக்கொள்ள அவகாசமும் தர வேண்டும். மின்சாரம் உள்ள இடத்தில் பத்துப் பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்தது, கூடவே நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இருபதாகிவிட்டது. பீங்கான் பட்டறைகளில் பல இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கக்கூடியவை.

மணிக்கணக்கை மீண்டும் ஏற்றிப் பார்க்கும் ஆசையும் வந்தது. நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரல் 21-இல் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்று நாள் கழித்து நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று முதல்வர் திரும்பப் பெற்றார்.

பீங்கான் பியூஸ் கேரியருக்கு இருந்த கிராக்கி எம்.சி.பி. என்னும் தானியங்கிச் சுவிட்ச் வந்தபின் குறைந்துவிட்டது. அகலுக்கு மட்டும் கார்த்திகை தவறாமல் வருகிறது. அந்த நாட்களில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. இன்னும் நூறு அகல் அழுத்தினால் இன்னும் கொஞ்சம் காசு. எட்டு மணி நேரத்தில் முடிகிற எண்ணிக்கைக்கே குறைந்தபட்சக் கூலி வரும்படி பீஸ் ரேட் இருந்தால், இருட்டும்வரை உட்கார வேண்டியதில்லை. அந்த ரேட்டை யாரும் பதிவேட்டில் தேடுவதில்லை, அன்றும் இன்றும்.