பூனைக்கு ஷெர்வானி!

நோன்புப் பெருநாள் காலையில் எங்கள் வீட்டில் மூன்று ஷெர்வானிகள் தயாராக இருந்தன. ஒன்று எனக்கு. ஒன்று மாமாவுக்கு. மூன்றாவது... பூனைக்கு!

'எங்கள் வீடு' என்று நான் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். அது என் மனைவியின் வீடு. காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆனால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவது வழக்கமில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வர வேண்டும். நானும் வந்தேன். தூத்துக்குடியில் ஆபீஸ், சாயந்திரம் பஸ், ராத்திரி மாமியார் வீட்டுச் சாப்பாடு. கேட்பதற்குச் சொர்க்கம் மாதிரி இருக்கும். ஆனால், வந்து ஆறு மாசமாகியும் மாமி என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. மரியாதையாம்! "மாப்பிள்ளைக்கு இன்னொரு வாடா வேணுமான்னு கேளு" என்று மகளிடம் சொல்வார். நான் அரை முழ தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

மாமி தாராளமாகப் பேசுகிற ஒரே ஆண், அந்தப் பூனை. வெள்ளையில் மஞ்சள் திட்டு. ஆண்பிள்ளை இல்லாத குறையைத் தீர்க்க வந்தவன் என்பது மாமியின் கட்சி. சீலா மீனில் நடுத்துண்டு எனக்கு வருகிறதோ இல்லையோ, அவனுக்குப் போய்விடும்.

பெருநாளுக்குப் பத்து நாள் முன்னால் பத்து வயசுக் கொழுந்தியாள் பக்கத்தில் வந்து நின்றாள். "மச்சான்... எல்லாருக்கும் புதுத்துணி எடுத்தீங்க. அவனுக்கு மட்டும் இல்லியா?"

புது மாப்பிள்ளை 'இல்லை' என்று சொன்னதாகச் சரித்திரம் உண்டா? மறுநாளே டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் பச்சை சாட்டின் பிட் ஒன்று, ஜிகினா, தங்கச் சரிகை நூல், எலாஸ்டிக் எல்லாம் வாங்கிக்கொண்டு எங்கள் தெரு டெய்லரிடம் போனேன்.

"யாருக்குத் தம்பி, அண்ணன் பையனுக்கா?"

"பூனைக்கு."

டெய்லர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தபடி, "காலு நாலு போடணும், கூலி டபுள்" என்றார்.

பெருநாள் தொழுகை முடிந்து வந்ததும் பூனைக்கு ஷெர்வானி மாட்டினோம். தலையில் சரிகை வைத்த குட்டித் தொப்பி, தாடைக்குக் கீழே எலாஸ்டிக். பூனை அசையவில்லை. பொம்மை மாதிரி நின்றது. அப்புறம் மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. "எவ்வளவு சமர்த்து பாருங்க!" என்று வீடே கைதட்டியது. செல்போனில் முப்பது போட்டோ எடுத்து, வளைகுடாவில் இருக்கிற சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினோம். அப்புறம் தம்மடை, பிரியாணி, விருந்தாளி என்று பூனையை மறந்துவிட்டோம்.

சாயந்திரம் பார்த்தால் ஷெர்வானி பாதி கழன்று வயிற்றில் தொங்குகிறது. தொப்பி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதிலிருந்த சரிகை நூலைக் காணவில்லை. 'எங்காவது விழுந்திருக்கும்' என்று விட்டது நான்தான்.

மறுநாள் பூனை சாப்பிடவில்லை. ரெண்டு தடவை வாந்தி. மூன்றாம் நாள் காலையில் பீரோவுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. மெதுவாக வாயைத் திறந்து பார்த்தேன். நாக்குக்கு அடியில் தங்க நிறத்தில் ஒரு நூல்! 'அப்பாடா, கிடைச்சுது' என்று பிடித்து இழுக்கப் போனேன்.

"இழுக்காதீங்க மாப்புள!"

திரும்பிப் பார்த்தேன். மாமி! என்னிடம் நேராக! எப்போதோ வேறொரு பூனைக்கு இப்படி நூலை இழுத்து, அது செத்துப்போனதைச் சின்ன வயசில் பார்த்தவராம். எனக்கு அந்த விவரமெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அந்த நிமிஷம் கையை எடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

ஒயர் கூடையில் துண்டு விரித்துப் பூனையை வைத்து, வாடகைக் கார் பிடித்து, ஆறுமுகநேரி, ஆத்தூர், முக்காணி என்று தூத்துக்குடிக்குப் பறந்தோம். மாமி பின் சீட்டில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஓதிக்கொண்டே வந்தார். நான் முன் சீட்டில். சாட்டின் வாங்கிய பாவி நான் என்பது காருக்குள் எல்லோருக்கும் தெரியும், டிரைவர் உட்பட.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "நூலை இழுத்தீங்களா?"

"இல்லை சார்."

"நல்லவேளை!"

ஏன் என்று அவர் விளக்கியபோது எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. பூனையின் நாக்கைத் தொட்டால் அரம் மாதிரி சொரசொரப்பாக இருக்கும் அல்லவா? அதில் இருக்கிற சின்னச் சின்ன முட்கள் எல்லாம் தொண்டைப் பக்கம் பார்த்துச் சாய்ந்தவை. நூல் ஒருமுறை அதில் மாட்டினால் பூனை நினைத்தாலும் துப்ப முடியாது; உள்ளேதான் போகும். ஒரு முனை நாக்குக்கு அடியில் சிக்கிக்கொள்ளும், மறு முனை குடலுக்குள் போய்க்கொண்டே இருக்கும். குடல் அதைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும், நகராது. கடைசியில் பைஜாமா நாடாவை இழுத்தால் துணி சுருங்குகிற மாதிரி குடல் நூலின் மேல் சுருங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் வெளியே இருந்து நூலை இழுத்தால், ரம்பம் போலக் குடலை அறுத்துவிடும்!

எக்ஸ்ரே எடுத்தார்கள். நூல் தெரியவில்லை, சுருங்கிய குடல் தெரிந்தது. அன்று மத்தியானமே ஆபரேஷன். வெளியே எடுத்த நூல் கிட்டத்தட்ட ஒரு முழம். மாமிக்கு அதைக் காட்டவில்லை.

"அப்போ மிருகங்களுக்குத் துணியே போடக்கூடாதா டாக்டர்?" என்று கேட்டேன்.

"நல்ல நாளும் அதுவுமா ஆசையா இருக்கும், எனக்குத் தெரியாதா? பத்து நிமிஷம் போட்டு, போட்டோ எடுத்துட்டுக் கழட்டிடுங்க. தைக்கறதா இருந்தா மெல்லிசுப் பருத்தி. கழுத்துல ரெண்டு விரல் நுழையணும். கண்ணு, காது, மீசை எதையும் மூடக்கூடாது. ஒண்ணுக்குப் போற இடத்தை மறைக்கக்கூடாது. ஜிகினா, மணி, பட்டன், ரிப்பன், நூல்... வாயில போற எதுவுமே வேண்டாம். எலாஸ்டிக் வேண்டவே வேண்டாம். கழட்ட மறந்தா முடிக்கு அடியில தோலை அறுத்துக்கிட்டே உள்ள போயிடும். துணியோட தனியா விட்டுட்டுப் போகவே கூடாது."

நான் போட்டோவைக் காட்டினேன். "போட்டதும் எவ்வளவு சமர்த்தா படுத்துது பாருங்க டாக்டர்."

"அது சமர்த்து இல்லை. பயம்! உடம்புல ஏதோ பிடிச்சுக்கிச்சுன்னு விறைச்சுப் போயிருக்கு. காது பின்னால படுத்திருக்கு பாருங்க."

பார்த்தேன். முப்பது போட்டோவிலும் காது பின்னால் படுத்திருந்தது. நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. நாயாக இருந்தால் வாலை இடுக்கும், உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், கண்ணில் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும். இதில் எது தெரிந்தாலும் உடனே கழற்றிவிட வேண்டியதுதான்.

ஆபீஸில் இந்தக் கதையைச் சொன்னதும் ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். உடன்குடிக்கார நண்பர் ஒருவர் முகம் மட்டும் வெளுத்துப்போனது. குலசேகரப்பட்டினம் தசரா உங்களுக்குத் தெரிந்திருக்கும். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு காளி, குரங்கு, கரடி, போலீஸ், பிச்சைக்காரர் என்று ஆயிரக்கணக்கான பேர் வேஷம் கட்டி வருவார்கள். நம்மவர் அந்தத் தசராவுக்குத் தன் நாட்டு நாய்க்குப் புலி வேஷம் போட பிளான் வைத்திருந்தாராம்! கறுப்புக் கோடு போட ஹேர் டையும் ரெடி!

"கர்நாடகாவுல ஒருத்தர் போட்டாரேப்பா, பேப்பர்ல வந்துதே?" என்று வாதாடினார். வந்தது வாஸ்தவம். 2019-ல் ஷிமோகா மாவட்டத்தில் ஒரு விவசாயி, குரங்குத் தொல்லை தாங்காமல் தன் நாய்க்குக் கூந்தல் சாயத்தால் புலிக்கோடு போட்டுத் தோட்டத்தில் உலவவிட்டார். குரங்குகள் ஓடின, போட்டோவும் நாடு முழுக்க ஓடியது. ஆனால், கறுப்புச் சாயங்கள் பலவற்றில் இருக்கிற 'பாரா ஃபினைலின் டையமின்' என்கிற சரக்கு லேசுப்பட்டதல்ல. உள்ளே போனால் மனுஷனுக்கே தொண்டை வீங்கும், சிறுநீரகம் கெடும். நாயோ தன் உடம்பைத் தானே நக்குகிற ஜாதி.

கலர் போகட்டும், கரடித் துணி மாட்டலாமா? அதுவும் வம்புதான். நமக்கு உடம்பு முழுக்க வேர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வேர்வை. மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். கடலோரத்து ஈரக்காற்றில் அதுவும் சரியாக நடக்காது. அதன் சாதாரண உடம்புச் சூடே 101, 102 டிகிரி. 106-ஐ எட்டினால் உயிருக்கு ஆபத்து. குலசையில் கரடி வேஷம் போட்டவருக்குப் புழுங்கினால் தலையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சோடா குடிப்பார். நாய் யாரிடம் சொல்லும்? அப்படி மூச்சிரைத்துத் தள்ளாடினால் துணியை உருவிவிட்டு, நிழலில் போட்டு, உடம்பில் தண்ணீர் ஊற்றி, ஃபேன் காற்றில் வைத்துக்கொண்டே டாக்டருக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

எட்டயபுரம் பக்கத்து நண்பர், "இதெல்லாம் டவுன்காரன் பண்ற கூத்து. நாங்க காலங்காலமா மாட்டுப் பொங்கலுக்கு மாட்டை அலங்காரம் பண்ணலியா?" என்றார். அவரிடம் மல்லுக்கு நின்றோம். குளிப்பாட்டுவது, சந்தனம், குங்குமம், பூமாலை... யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பார்க்கப்போனால் மிருகத்தை அலங்கரிக்க அதைவிட நல்ல வழி இல்லை. நேபாளத்தில் தீபாவளியை ஒட்டி நாய்களுக்கென்றே ஒரு நாள் கொண்டாடுகிறார்கள். 'குகுர் திஹார்' என்று பெயர். நெற்றியில் பொட்டு, கழுத்தில் சாமந்தி மாலை, வாய்க்கு நல்ல தீனி, அதோடு சரி. ஆனால் நம்ம பக்கம் இப்போது கொம்புக்கு ஆயில் பெயின்ட், கொம்பு நுனியில் பலூன், பிளாஸ்டிக் மாலை என்று வந்துவிட்டது. பலூனும் பிளாஸ்டிக்கும் மாட்டு வயிற்றுக்குள் போனால் நம் சரிகை நூல் கதைதான்.

நண்பர் கடைசியில் ஒத்துக்கொண்டது வேறு ஒன்று. ஒரு பொங்கலுக்கு வீட்டில் ஆளுக்கு ஆள் பிரியமாகச் சர்க்கரைப் பொங்கலை ஊட்ட, காளை ராத்திரியே வயிறு உப்பிப் படுத்துவிட்டதாம். அரிசிச் சோறு மாட்டின் முதல் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும். ஒரு கவளம் சம்பிரதாயத்துக்குப் போதும். குண்டான் கணக்கில் ஊட்டினால் உயிருக்கே உலை. காளை பிழைத்தது. "அலங்காரத்துல தப்பில்ல, பாசத்துலதான் தப்பு" என்றார்.

இந்தப் பாசக் கோளாறு எங்கள் கடற்கரைக்குப் புதுசும் இல்லை. டாக்டர் வீட்டிலிருந்து திரும்பும்போது பழையகாயல் தாண்டித்தான் வர வேண்டும். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோபோலோ வந்து பார்த்த 'காயில்' துறைமுகம் அதுதான் என்றார் கால்டுவெல். காயல்பட்டினம்தான் என்று சண்டைக்கு வருகிறவர்களும் எங்கள் ஊரில் உண்டு, நான் உட்பட! எதுவாக இருந்தாலும், ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் இந்தக் கரையில் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. பாரசீக வரலாற்று ஆசிரியர் வஸ்ஸாஃப், ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை என்று எழுதியிருக்கிறார். இங்கே வந்ததும் அவற்றுக்கு ராஜ உபசாரம்: வறுத்த தானியம், நெய் சேர்த்த தீனி, காய்ச்சிய பசும்பால்! நாற்பது நாள் கட்டிப்போட்டுக் கொழுக்க வைப்பார்களாம். மார்க்கோபோலோ ஒருபடி மேலே போய், சோறும் வேகவைத்த இறைச்சியும் போட்டார்கள் என்கிறார். ராஜா வருஷத்துக்கு ரெண்டாயிரத்துக்கு மேல் வாங்குவாராம். வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சாதாம். கணக்கில் கொஞ்சம் கப்சா இருக்கலாம். ஆனால் குதிரை என்ன கேட்டது என்று யாரும் பார்க்கவில்லை என்பது மட்டும் புரிகிறது. காரில் இதை நான் சொன்னபோது மாமி, "புல்லுக் குடுத்திருக்கலாம்ல?" என்றார். இரண்டாவது நேரடி வசனம்!

பூனை பிழைத்துவிட்டது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தது. ஆனால் தையலை நக்கிப் பிரித்துவிடக்கூடாது என்று கழுத்தில் புனல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டி அனுப்பியிருந்தார்கள். அதோடு தண்ணீர்க் கிண்ணத்துக்குள் தலையை விட முடியாமல் பூனை முட்டிக்கொண்டே இருந்தது. போனில் கேட்டேன். டாக்டர் சொன்ன பதில்தான் வேடிக்கை.

"பழைய பருத்தி பனியன் இருக்கா? அதுல உடம்புக்குச் சட்டை மாதிரி தைச்சு மாட்டுங்க. வயிறு மூடணும், வால் பக்கம் திறந்திருக்கணும், முடிச்சு முதுகுல வரணும். தையல் பிரிக்கிற வரைக்கும் போதும்."

என்னுடைய பனியன் ஒன்று பலியானது. டெய்லரிடம் போனேன். டெய்லர் தலை நிமிராமலே கேட்டார்:

"அதே மாப்பிள்ளைக்குத்தானா?"

"ஆமா. ஜிகினா வேண்டாம். பட்டன் வேண்டாம். எலாஸ்டிக் வேண்டாம். நூல் வெளியே நீட்டக்கூடாது. லூஸா இருக்கணும்."

"அப்போ நான் எதுக்கு?" என்றார். ஆனாலும் தைத்தார். முதல் நாள் அஞ்சு நிமிஷம், கூடவே மீன் துண்டு. அப்புறம் பத்து நிமிஷம். மறுநாளிலிருந்து பூனை அதோடு ஜன்னலில் ஏறி உட்கார்ந்தது. காது நேராக இருந்தது.

பச்சை ஷெர்வானியைக் கொழுந்தியாள் டி.வி. ரிமோட்டுக்கு மாட்டியிருக்கிறாள். கச்சிதமாக இருக்கிறது. மாமி இப்போது என்னிடம் நேராகப் பேசுகிறார். நேற்று ராத்திரிகூட, "மாப்புள, நடுத்துண்டு அவனுக்கு எடுத்து வச்சிட்டேன், நீங்க வால் துண்டு சாப்பிடுறியளா?" என்று கேட்டார்.