ஆன்டி-சீட் மேல் கோபமா? பயாஸைத் தொடும் முன் இதைப் படியுங்கள்

கேம் திறக்கவில்லை. திரையில் ‘வேன் 9003’ என்று ஒரு பிழைச் செய்தி. பையன் யூடியூபில் இரண்டு நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு பயாஸ் என்ற கணினியின் அடிப்படை அமைப்புக்குள் போகிறான், செக்யூர் பூட் என்ற பூட் பாதுகாப்பை ஆன் செய்கிறான். கணினி மறுபடி கிளம்பும்போது விண்டோஸ் வருவதில்லை. நீலத் திரை ஒன்று 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கிறது. அந்த எண் எங்கே இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பக்கத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். “ஃபார்மட் அடிச்சுடலாம் சார், வேற வழி இல்ல” என்கிறார் கடைக்காரர். அக்காவின் கல்லூரி ப்ராஜெக்ட், அப்பாவின் ஜிஎஸ்டி கணக்கு, பத்து வருடக் குடும்பப் படங்கள் எல்லாம் அன்றோடு காலி. அதன் பிறகு பையன் செய்கிற ஒரே காரியம், கேம் கம்பெனியைத் திட்டி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு ரிவ்யூ போடுவது.

இதே கதையை வெவ்வேறு வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கோபத்தில் தவறில்லை. அந்தக் கோபத்தோடு எங்கே போய் நிற்க வேண்டும், கையில் என்ன வைத்திருக்க வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

விஷயம் சுருக்கமாக இதுதான். தானாகக் குறிவைக்கும் எய்ம்பாட், சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டும் வால்ஹேக் போன்ற ஹேக்குகளைப் போட்டு விளையாடுகிறவர்களைப் பிடிக்க, கேமோடு ஆன்டி-சீட் என்ற காவல் மென்பொருளையும் சேர்த்துத் தருகிறார்கள். ஹேக் எழுதுகிறவர்கள் விண்டோஸின் அடிமட்டமான கெர்னல் வரை இறங்கிவிட்டதால், காவலும் அங்கேயே இறங்கியது. வேலரன்ட் கேமோடு 2020ஆம் ஆண்டு வந்த ரயட் நிறுவனத்தின் வான்கார்ட், கணினி பூட் ஆகும்போதே ஓடத் தொடங்கியது. கேமைத் திறக்காத நாட்களிலும் அது உள்ளே இருந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான், டாஸ்க்பாரில் ஒரு ஐகானை வைத்து வேண்டாதபோது அணைக்க வழி செய்தார்கள். ஹேக்கர்கள் ஆட்டத்தைக் கெடுக்கிறார்கள் என்பது உண்மை. காவல் வேண்டும் என்று கேட்டவர்களும் விளையாடுகிறவர்கள்தான். ஆனால் கெர்னலில் ஓடும் ஒரு நிரலுக்கு உங்கள் கணினியில் எட்டாத இடம் அநேகமாக எதுவும் இல்லை. அப்படிப்பட்ட அனுமதியை, யாரும் படிக்காத ஒப்பந்தத்தின் அடியில் ஒரு ‘அக்ரீ’ பட்டனை வைத்து வாங்குவதைத்தான் ஏற்க முடியவில்லை.

அதைவிட மோசம், விற்ற பிறகு சேர்ப்பது. டூம் எட்டர்னல் கேமுக்கு 2020 மே மாத அப்டேட்டில் டெனுவோ ஆன்டி-சீட்டைச் சேர்த்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்துப்போய் ஸ்டீமில் ரிவ்யூக்களைக் குவித்தார்கள். சில நாட்களிலேயே அதை எடுத்துவிடுவதாக கேமை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் அறிவித்தது. இந்த ஒரு வெற்றியை நினைவில் வைத்துக்கொண்டுதான் எல்லோரும் ரிவ்யூ போட்டால் போதும் என்று நம்புகிறார்கள். ஜிடிஏ ஆன்லைனைப் பாருங்கள். ஜிடிஏ 5 கணினிக்கு வந்தது 2015ல். பேட்டில்ஐ ஆன்டி-சீட்டை கேமை உருவாக்கிய ராக்ஸ்டார் அதில் சேர்த்தது 2024 செப்டம்பரில். ஒன்பது வருடம் கழித்து! லினக்ஸிலும் ஸ்டீம் டெக்கிலும் விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஆன்லைன் பகுதி அன்றே மூடப்பட்டது. பேட்டில்ஐ லினக்ஸில் ஓடாது என்று சொல்லவும் முடியாது. கேம் கம்பெனி சம்மதித்தால் ஓடும் என்று பேட்டில்ஐ தரப்பே 2021லேயே அறிவித்திருந்தது. ராக்ஸ்டார் சம்மதிக்கவில்லை. நெகட்டிவ் ரிவ்யூக்கள் அங்கேயும் மலைபோல் குவிந்தன. ஒன்றும் மாறவில்லை.

கெர்னலில் விட்ட நிரல் என்னென்ன செய்யக்கூடும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். 2013ல் அமெரிக்காவின் ஈஎஸ்ஈஏ என்ற கவுன்டர்-ஸ்ட்ரைக் லீக், தன் ஆன்டி-சீட் மென்பொருளுக்குள் பிட்காயின் தோண்டும் நிரலைச் சொருகி, சுமார் 14,000 பேரின் கணினிகளை அவர்களுக்குத் தெரியாமல் வேலை வாங்கியது. நியூ ஜெர்சி மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் நடவடிக்கை எடுத்தது. பத்து லட்சம் டாலர் சமரசத்தில் வழக்கு முடிந்தது. இரண்டாவது, கென்ஷின் இம்பாக்ட் கேமின் ஆன்டி-சீட் டிரைவர். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல் ஒன்று அந்த டிரைவரைத் தூக்கிவந்து, அதைக்கொண்டே ஆன்டிவைரஸை அணைத்ததை 2022 ஆகஸ்டில் ட்ரெண்ட் மைக்ரோ வெளியிட்டது. அந்தக் கணினியில் கென்ஷின் இருந்தாக வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. முறையான கையொப்பம் உள்ள டிரைவர் என்பதால் விண்டோஸ் அதை உள்ளே விட்டுவிட்டது.

இனி, செய்ய வேண்டியவை. இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் அந்த 48 இலக்க எண். அதன் பெயர் பிட்லாக்கர் ரெக்கவரி கீ. புதிய மடிக்கணினிகள் பலவற்றில், நீங்கள் கேட்காமலேயே டிஸ்க் முழுவதையும் விண்டோஸ் பூட்டிவைத்திருக்கும். செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ என்ற பகுதியில் ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ ஆன் என்றிருந்தால் உங்கள் கணினியும் அப்படித்தான். பயாஸில் செக்யூர் பூட், சாவிகளைக் காக்கும் டிபிஎம் போன்றவற்றை மாற்றினால், யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று விண்டோஸ் சந்தேகப்பட்டு அந்த எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, ‘டிவைசஸ்’ பக்கத்தில் உங்கள் கணினியைத் தேர்ந்தெடுத்தால் கீ இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதுங்கள். கணினியிலேயே ஒரு ஃபைலாக வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்த கதைதான் அது. கணினியை வாங்கும்போது கடைக்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டு செட்டப் செய்து கொடுத்திருந்தால், கீ அவர் கணக்கில்தான் கிடக்கும். இன்றே போய்க் கேளுங்கள். கல்லூரியோ அலுவலகமோ கொடுத்த மடிக்கணினி என்றால் அவர்களின் ஐடி பிரிவிடம் இருக்கும். கீ தொலைந்துபோனால் மைக்ரோசாஃப்ட்டாலும் மீட்டுத் தர முடியாது.

கீ கைக்கு வந்த பிறகு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக ‘சஸ்பெண்ட்’ செய்யும் வசதி உங்கள் விண்டோஸில் இருந்தால் அதையும் செய்துவிட்டுத்தான் பயாஸுக்குள் போக வேண்டும். நீலத் திரை ஏற்கெனவே வந்துவிட்டதா? பதறாதீர்கள். என்ன மாற்றினீர்களோ அதைப் பழையபடி வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் விண்டோஸ் வந்துவிடும். ‘க்ளியர் டிபிஎம்’ என்ற தேர்வைத் தொடவே தொடாதீர்கள். ஏஎம்டி கணினிகளில், எஃப்டிபிஎம்மை (பிராசஸரிலேயே உள்ள டிபிஎம்) ரீசெட் செய்யலாமா, ‘ஒய்’ அல்லது ‘என்’ அழுத்துங்கள் என்று ஒரு கேள்வி வருவதுண்டு. கீ கையில் இல்லாதவரை ‘என்’ மட்டும்தான்.

இன்னொரு பொறி பழைய கணினிகளில். ஸ்டார்ட் மெனுவில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தேடித் திறங்கள். ‘பயாஸ் மோட்’ என்ற வரியில் ‘லெகசி’ என்றிருந்தால், டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் வீடியோவில் சொன்னபடி சிஎஸ்எம் என்ற பழைய பூட் முறைக்கான தேர்வை அணைத்தால் விண்டோஸ் கிளம்பாது. டிஸ்க்கில் இருந்தது எதுவும் அழியவில்லை. சிஎஸ்எம்மைத் திரும்ப ஆன் செய்தால் எல்லாம் அப்படியே இருக்கும். இது தெரியாமல் ஃபார்மட் அடித்துப் படங்களை இழந்தவர்கள் எத்தனை பேர்! டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றும் கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. ஆனால் பேக்கப் எடுக்காமல் அதைத் தொடக்கூடாது.

கேட்காத இடத்தில் கைவைப்பதையும் நிறுத்த வேண்டும். 2024 மே மாதம் லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கு வான்கார்டைக் கொண்டுவந்தபோது, கணினியே போய்விட்டது என்று பலர் புகார் செய்தார்கள். அந்த கேமுக்குத் தேவையே இல்லாத செக்யூர் பூட்டைச் சிலர் தாங்களாகவே ஆன் செய்து சிக்கிக்கொண்டார்கள் என்று ரயட் விளக்கியது. உங்கள் கேம் எதைக் கேட்கிறது என்பதை அந்தக் கம்பெனியின் உதவிப் பக்கத்தில் பாருங்கள். எவனோ போட்ட வீடியோவில் பார்க்காதீர்கள்.

கேம் வேண்டாம் என்று முடிவு செய்தால், கேமை மட்டும் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு நிறுத்தாதீர்கள். செட்டிங்ஸில் நிறுவப்பட்ட ஆப்களின் பட்டியலுக்குப் போய், ‘ரயட் வான்கார்ட்’ போன்று தனியே ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அதையும் நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஜிடிஏவில் கதைப் பகுதி மட்டும் விளையாடுகிறவர்கள் ராக்ஸ்டார் லாஞ்சரின் செட்டிங்ஸில் பேட்டில்ஐயை அணைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது காசு. ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ரீஃபண்ட் கிடைக்கும். ஆகவே வாங்கிய அன்றே கேமைத் திறந்து, உங்கள் கணினியில் ஓடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். சலுகை விலையில் வாங்கி ஆறு மாதம் தூங்கவைப்பவர்கள் இந்த உரிமையைத் தாங்களே தூக்கி எறிகிறார்கள். 2024 அக்டோபர் கடைசியிலிருந்து, கெர்னல் ஆன்டி-சீட் இருந்தால் ஸ்டோர் பக்கத்திலேயே சொல்ல வேண்டும் என்று ஸ்டீம் கட்டாயமாக்கியிருக்கிறது. வாங்குமுன் அதைப் படியுங்கள். கெடு தாண்டிய பிறகு ஆன்டி-சீட் வந்தாலும் ரீஃபண்ட் கேட்கத் தடையில்லை; கெடுவுக்கு வெளியே வரும் கோரிக்கையையும் பரிசீலிப்போம் என்று ஸ்டீமின் விதியே சொல்கிறது. கோரிக்கைப் பெட்டியில் திட்டி எழுதாதீர்கள். எந்தத் தேதி அப்டேட், அதற்கு முன் எந்தக் கருவியில் ஓடியது, இப்போது என்ன பிழை வருகிறது: மூன்றே வரி.

அங்கே மறுத்தால் அடுத்த வாசல் கம்பெனியின் குறைதீர் அலுவலர். இந்தியாவில் தொடர்ந்து விற்பனை செய்யும் வெளிநாட்டு நிறுவனங்களையும் டிஜிட்டல் பொருட்களையும் 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் கட்டுப்படுத்தும். அந்த விதிப்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். பலர் சாட் பெட்டியில் ஒரு ரோபோவிடம் புலம்பிவிட்டு, புகார் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது புகாரே இல்லை. மின்னஞ்சலில், தேதியோடு, டிக்கெட் எண்ணோடு இருப்பதுதான் புகார்.

ஒரு மாதம் கழிந்தும் பதில் இல்லையென்றால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2025 ஜனவரியில் வந்த இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். மனுவோடு பிரமாணப் பத்திரம், பணம் கட்டிய ரசீது, அப்டேட் அறிவிப்பின் ஸ்க்ரீன்ஷாட், கம்பெனிக்கு எழுதிய மின்னஞ்சல்கள் இருக்க வேண்டும்.

இங்கே இரண்டு இடத்தில் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். ஒன்று, ஒப்பந்தமே நியாயமற்றது, எப்போது வேண்டுமானாலும் எதையும் சேர்ப்போம் என்ற ஷரத்து செல்லாது என்று வாதாடப் போகிறீர்கள் என்றால், அதை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது. நியாயமற்ற ஒப்பந்தப் புகார் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் அது சென்னையிலும், கிளையாக மதுரையிலும் இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய் கேமுக்கு, ‘விற்ற சேவை பாதியில் நின்றுபோனது, சேவைக் குறைபாடு’ என்ற கோணத்தில் மாவட்டத்திலேயே போடுவது நல்லது. மற்றொன்று, இலவச கேம். காசு கொடுக்காதவருக்குச் சட்டத்தில் நுகர்வோர் என்ற தகுதியே இல்லை. வேலரன்டில் ஸ்கின் வாங்கியிருக்கிறீர்களா? அந்த ரசீதுதான் உங்களை நுகர்வோர் ஆக்குகிறது. மின்னஞ்சலில் வந்த ரசீதை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன் எனும் நடுவர் விசாரணைதான், வெளிநாட்டில்தான் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். ஆர்பிட்ரேஷன் ஷரத்து நுகர்வோர் மன்றத்தைத் தடுக்காது என்று எமார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018லேயே உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திவிட்டது. ஆனால் இந்தியாவில் அலுவலகமே இல்லாத கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கினாலும் நிறைவேற்றுவது பெரும்பாடு. எனவே ரசீதில் இந்திய நிறுவனம் எதன் பெயராவது இருந்தால் அதையும் எதிர்தரப்பாகச் சேருங்கள்.

கடைசியாக, எதையும் கேட்காதவர்களும் கேட்க வேண்டிய எச்சரிக்கை. ஆன்டி-சீட் உங்கள் கணக்கையோ கணினியையோ தடை செய்துவிட்டால், கணினியின் அடையாளத்தை மாற்றிக் காட்டும் ‘ஹெச்டபிள்யூஐடி ஸ்பூஃபர்’, ‘ஆன்டி-சீட் பைபாஸ்’ என்று டெலிகிராமில் விற்கிற சரக்கை வாங்காதீர்கள். வான்கார்டைக் கெர்னலில் விடமாட்டேன் என்று கொதித்தவரே, முகம் தெரியாத ஒருவனின் நிரலைக் கெர்னலில் விடுகிறார், ஆன்டிவைரஸையும் அணைத்துவிட்டு! அதற்குள் பாஸ்வேர்டு திருடும் நிரல் இருந்தால், கேம் கணக்கோடு யுபிஐ, மின்னஞ்சல் வரை போய்விடும். அப்படிப் பணம் போனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். வேறொரு சாதனத்திலிருந்து எல்லா பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள். செகண்ட்-ஹேண்ட் மதர்போர்டு வாங்குகிறவர்களும் கவனம்: முந்தைய ஆள் வாங்கிய ஹார்டுவேர் தடை உங்கள் தலையில் விழலாம். விற்றவரிடம் தேதி போட்ட பில் வாங்கி வையுங்கள். தடையை நீக்கச் சொல்லி டிக்கெட் போடும்போது நீங்கள் புதிய உரிமையாளர் என்பதைக் காட்ட அந்த பில் வேண்டும்.