பன்னாட்டு வணிகத்தில் பண்பாட்டுப் புரிதல்: ஜப்பானியரை முன்வைத்து

வணிகம் நாட்டெல்லைகளைக் கடந்து நடைபெறுகிறது. ஆயினும் வணிகம் செய்யும் மனிதர் தத்தம் பண்பாட்டை விட்டுவிட்டு வருவதில்லை. மலேசியா 1982-ஆம் ஆண்டில் கிழக்கை நோக்கும் கொள்கையை மேற்கொண்டது முதல், ஜப்பானிய நிறுவனங்களோடு நமக்குள்ள தொடர்பு பெருகியுள்ளது. அத்தொடர்பில் பலருக்கும் தடையாக அமைவது மொழியன்று. மொழிக்குப் பின்னுள்ள பொருளே ஆகும். இதனை இக்கட்டுரையில் காண்போம்.

அமெரிக்க மானிடவியலறிஞர் எட்வர்ட் ஹால் 1976-இல் வெளியிட்ட நூலில், பண்பாடுகளிடையே ஒரு வேறுபாட்டைச் சுட்டினார். சில பண்பாடுகளில் கருத்து பெரிதும் சொற்களிலேயே அடங்கும். வேறு சிலவற்றில் அது சூழலிலும் உறவிலும் மௌனத்திலும் அடங்கும். ஜப்பானியப் பண்பாடு இவற்றுள் இரண்டாம் வகையைச் சார்ந்தது.

எடுத்துக்காட்டாக, 'ஹாய்' என்னும் சொல்லை அகராதி 'ஆம்' எனப் பொருள்படுத்தும். உரையாடலிலோ அது 'தாங்கள் கூறுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்ற அளவிலேயே பல வேளைகளில் நிற்கும். 'ஆராய்ந்து பார்க்கிறோம்' என்னும் விடையும் பெரும்பாலும் மென்மையான மறுப்பேயாகும். இது நமக்குப் புதிதன்று. கடன் கேட்டவரிடம் நாம் கூறும் 'பார்க்கலாம்' என்னும் சொல்லின் பொருளைத் தமிழர் எவரும் அறிவர், அயலார் அறியார்.

முடிவெடுக்கும் முறையும் வேறுபட்டதே. 'ரிங்கி' என்னும் மரபு முறையில், கீழ்நிலை அல்லது இடைநிலை அலுவலர் வரையும் முன்மொழிவு பலரிடமும் சுற்றிவந்து, அவர்தம் முத்திரையைப் பெற்று மேலே செல்லும். இன்று பல நிறுவனங்களில் இது மின்வழியே நடைபெறுகிறது. இதற்கு முன்னரே தனித்தனியாகப் பேசி இசைவு பெறுவதை 'நெமவாஷி' என்பர். மரத்தைப் பெயர்த்து நடுமுன் அதன் வேரைச் சுற்றிப் பக்குவப்படுத்தும் தோட்டத்தொழிலிலிருந்து வந்த சொல் இது. எனவே, கூட்டம் என்பது பெரும்பாலும் முடிவெடுக்கும் இடமன்று. எடுத்த முடிவை உறுதிப்படுத்தும் இடமாகும்.

இதனை அறியாத வணிகர் கூட்டத்திலேயே விடை கேட்டு வற்புறுத்துவார். எதிரிலிருப்பவர் சற்று மௌனமாயிருப்பின், அதனை மறுப்பெனக் கருதி விலையைக் குறைத்துவிடுவார். அம்மௌனமோ சிந்தனைக்குரியதாக இருந்திருக்கலாம். கேட்கப்படாத தள்ளுபடியால் நேரும் இழப்பு, பண்பாட்டை அறியாமைக்கு அவர் தரும் விலையாகும்.

இதற்கு வழி என்ன? 'சம்மதமா?' என வினவுவதைவிட, 'அடுத்து எவ்விவரம் தேவைப்படும்? யார் யார் இதனைப் பார்க்க வேண்டும்?' என வினவுவது பயன்தரும். பேசியவற்றை எழுத்தில் தொகுத்து அனுப்புவது, அவை அந்நிறுவனத்துள் சுற்றிவரத் துணைபுரியும். காலக்கெடுவையும் இதற்கேற்ப வகுத்தல் வேண்டும்.

எனினும், ஜப்பானியர் அனைவரும் ஒரே தன்மையர் எனக் கொள்வது பிழையாகும். நிறுவனந்தோறும், தலைமுறைதோறும் வேறுபாடு உண்டு. பண்பாட்டறிவு ஒருவரை முன்கூட்டியே தீர்மானிப்பதற்கன்று; அவர் கூறுவதை அவசரப்பட்டுத் தவறாகப் பொருள்கொள்ளாமல் காப்பதற்கே என நாம் கொள்ளல் வேண்டும்.