பள்ளியில் மாணவரைத் தடுத்துப் பிடித்தல்: தவிர்ப்பும் பாதுகாப்பும்

முன்னுரை

பள்ளி ஒழுங்கு பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் பிரம்படியோடு நின்றுவிடுகின்றன. அடிக்கலாமா, கூடாதா என்னும் வழக்கில், அடியும் அன்று அணைப்பும் அன்று எனத்தக்க ஒரு செயல் நம் கவனத்திலிருந்து நழுவிவிடுகின்றது. தன்னையோ பிறரையோ காயப்படுத்த முனையும் மாணவரை ஆசிரியர் கைகளால் பற்றி அசையவிடாமல் நிறுத்துவதே அச்செயல். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் பட்டர்வொர்த் கூலிம் விரைவுச்சாலையும் கூடுமிடமான செபராங் ஜெயா வட்டாரத்து ஆசிரியர்களுடன் உரையாடுகையில், வாயிற்கதவைத் தாண்டிச் சாலைக்கு ஓடும் சிறப்புக் கல்வி மாணவனைப் பிடித்து நிறுத்தலாமா என்னும் வினா எழுகின்றது. பிடித்தால் வழக்கு வருமோ என்னும் அச்சமும், பிடிக்காவிடில் உயிர் போகுமோ என்னும் அச்சமும் அவ்வினாவில் ஒருங்கே உள்ளன. இவ்வினாவுக்குச் சொல், சட்டம், உடலியல் ஆகிய மூன்று நிலைகளில் விடை காண இக்கட்டுரை முற்படுகின்றது.

சொல்லும் பொருளும்

கட்டுப்படுத்துதல், அடக்குதல் என்னும் சொற்களை நாம் தண்டனைக்கும் பாதுகாப்புக்கும் வேறுபாடின்றி வழங்குகின்றோம். குழப்பம் இங்குதான் தொடங்குகின்றது. திண்ணைப் பள்ளிகளில் வழங்கிய கோதண்டம் என்னும் தண்டனையில் மாணவன் கயிற்றில் தொங்கவிடப்பட்டான். அது அசைவைத் தடுப்பதாயினும் நோக்கத்தால் தண்டனையே. திருக்குறளின் 13ஆம் அதிகாரமாகிய அடக்கமுடைமை கூறும் அடக்கமோ ஒருவர் தம்மைத் தாமே ஆளும் பண்பு. பிறர் கைவலிமையால் ஊட்டத்தக்கதன்று.

ஆதலின் மூன்று சொற்களைப் பிரித்தாள்வது நலம். உடனடி ஆபத்தைத் தவிர்க்கக் கைகளால் சிறிது நேரம் பற்றி நிறுத்துவது ‘தடுத்துப் பிடித்தல்’. கயிறு, துணி, நாற்காலிப் பட்டை முதலியவற்றால் பிணிப்பது ‘கட்டிவைத்தல்’. வெளியேற முடியாத அறையில் தனியே விடுவது ‘தனித்து அடைத்தல்’. சாலையைக் கடக்கையில் சிறுவனின் கையைப் பிடித்துச் செல்வது இவற்றுள் எதுவும் ஆகாது.

இவற்றுள் முதலாவது ஒன்றே, அதுவும் வேறு வழியற்ற நிலையில் மட்டும், பள்ளியில் இடம்பெறத்தக்கது. கட்டிவைத்தலின் கொடுமையைத் தமிழகம் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் கண்டது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். அது பள்ளியன்று. எனினும், பிணிக்கப்பட்டவர் ஆபத்து வரும்போது தம்மைக் காத்துக்கொள்ளும் கடைசி வாய்ப்பையும் இழக்கின்றார் என்னும் உண்மை வகுப்பறைக்கும் பொருந்தும். ‘அமைதியாக இருக்கட்டும்’ என்று நாற்காலியோடு சேர்த்துக் கட்டப்படும் குழந்தையின் நிலையும் இதுவே.

சட்டத்தின் நிலை

மலேசியாவின் 1959ஆம் ஆண்டுக் கல்வி (பள்ளி ஒழுங்கு) விதிகள் பிரம்படியை நுணுக்கமாக வரையறுக்கின்றன. மாணவியரை அடித்தலாகாது, மெல்லிய பிரம்பே பயன்பட வேண்டும், உள்ளங்கையில் அல்லது உடைக்கு மேலாகப் பிட்டத்தில் மட்டுமே அடிக்கலாம் என்பன அவற்றுட் சில. தண்டனைக்கு இத்துணை எல்லை வகுத்த விதிகள், ஆபத்து வேளையில் மாணவரை எவ்வாறு பிடிப்பது என்பதற்கு வழிகாட்டவில்லை.

பொதுச் சட்டம் அவ்விடத்தை ஓரளவு நிரப்புகின்றது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்ட மலேசியத் தண்டனைச் சட்டத்தொகுதியின் 339ஆம் பிரிவு முறையற்ற தடுப்பையும் 340ஆம் பிரிவு முறையற்ற அடைப்பையும் வரையறுக்கின்றன. 97ஆம் பிரிவு தம் உடலையும் பிறர் உடலையும் தாக்குதலினின்று காக்கும் உரிமையை வழங்குகின்றது. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் தம் பொறுப்பிலுள்ள சிறாரைத் துன்புறுத்துவதைக் குற்றமாக்குகின்றது. எனவே ஆசிரியரின் செயல் பிடித்ததா இல்லையா என்பதைக் கொண்டு மட்டுமன்றி, எதற்காக, எவ்வளவு வலிமையோடு, எத்துணை நேரம் பிடித்தார் என்பதைக் கொண்டே எடைபோடப்படும் எனலாம்.

தமிழகத்தில் 2003இல் பள்ளிகளில் உடல் தண்டனை தடைசெய்யப்பட்டது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அத்தடையை இந்தியா முழுமைக்கும் உரியதாக்கியது. ஆயினும் தண்டனையைத் தடுப்பது மட்டும் தடுத்துப் பிடித்தலை முறைப்படுத்திவிடாது. இவ்விடைவெளியைக் கருதியே அமெரிக்கக் கல்வித் துறை 2012இல் 15 நெறிகளை வெளியிட்டது. கடுமையான உடற்காயம் உடனே நேரும் நிலையிலன்றி மாணவரைத் தடுத்துப் பிடித்தலாகாது, அதனைத் தண்டனையாகக் கொள்ளலாகாது, மூச்சைத் தடைசெய்யும் முறை அறவே கூடாது என்பன அவற்றுள் தலையாயவை.

உடலுக்கு நேர்வது

தடுத்துப் பிடித்தல் ஏன் ஆபத்தானது என்பதை உடலியல் விளக்குகின்றது. நெஞ்சு விரிந்தாலன்றி மூச்சு உள்ளே செல்லாது. குப்புறக் கிடத்தி முதுகில் அழுத்தினாலும், அமர்த்தி முன்னோக்கி வளைத்தாலும், நெஞ்சும் வயிறும் விரிய இடமின்றிப் போகின்றன. திமிறும் குழந்தைக்கோ அவ்வேளையில் வழக்கத்தினும் மிகுதியான காற்று தேவைப்படுகின்றது. ஆஸ்துமா, உடற்பருமன், இதயநோய் உள்ள குழந்தைகளுக்கு இவ்வாபத்து மேலும் கூடும்.

இங்கிலாந்தின் இளங்குற்றவாளிகள் மையம் ஒன்றில் 2004இல் 15 வயதுச் சிறுவன் ஒருவன், அமர்ந்த நிலையில் மூவரால் பிடிக்கப்பட்டு மூச்சடைத்து இறந்தான். மூச்சுவிட முடியவில்லை என்று அவன் கூறியும் பிடி தளர்த்தப்படவில்லை. பேச முடிகிறவனுக்கு மூச்சும் இருக்கும் என்னும் நம்பிக்கை தவறானது. சில சொற்கள் பேசுவதற்குச் சிறிது காற்றே போதும். உயிர் வாழ அது போதாது.

இங்கும் தமிழ்ச் சொல்லொன்று நம்மை எச்சரிக்கின்றது. குறும்பு அடங்கியது என்கின்றோம். மூச்சு அடங்கியது என்றும் சொல்கின்றோம். திமிறிய குழந்தை திடீரென அமைதியாகித் துவள்வதைக் கண்டு ‘அடங்கிவிட்டான்’ என்று நிம்மதி கொள்வது பெரும் பிழையாகலாம். அத்திடீர் அமைதியைக் கீழ்ப்படிதலாகக் கருதாமல் உயிராபத்தின் அறிகுறியாகவே கொண்டு, அக்கணமே பிடியை விடுத்து மூச்சைச் சோதித்தல் வேண்டும்.

தவிர்க்கும் வழிகள்

பெரும்பாலான கொந்தளிப்புகள் காரணமின்றி எழுவதில்லை. பசி, உறக்கமின்மை, ஒலிபெருக்கியின் இரைச்சல், பாடவேளை மாற்றம், சொல்ல நினைத்ததைச் சொல்ல இயலாமை ஆகியன அவற்றைத் தூண்டலாம். நிகழ்வுக்கு முன் நடந்தது, மாணவரின் நடத்தை, பின் நடந்தது ஆகிய மூன்றையும் இரு வாரங்கள் தொடர்ந்து குறித்துவரின் காரணம் புலப்படத் தொடங்கும். ஒலிபெருக்கி காரணமெனில் சபைகூடலின்போது அக்குழந்தையைத் தள்ளி நிறுத்துவது எளிது. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தைக்கு, கலங்கிய வேளையில் மலாயில் நீண்ட ஆணை இடுவதினும், தமிழில் இரு சொற்களோ ஒரு பட அட்டையோ பயன்தரும்.

கொந்தளிப்பு தொடங்கியபின் ஒருவரே பேசுதல், குரலைத் தாழ்த்துதல், வழியை மறித்து நில்லாமை ஆகியன துணைசெய்யும். கொந்தளிக்கும் மாணவரை இழுத்துச் செல்வதினும் ஏனைய மாணவரை வெளியே அனுப்புதல் எளிது, பாதுகாப்பும் அதுவே.

பிடிக்க நேரும்போது

சாலைக்கு ஓடும் சிறுவனைப் பிடித்தே ஆகவேண்டும். அப்போதும் சில எல்லைகள் உண்டு. கூடுமானவரை பயிற்சி பெற்ற இருவர் இருத்தல் வேண்டும். ஒருவர் குழந்தையின் முகத்தையும் மூச்சையும் உதட்டின் நிறத்தையும் கவனித்தல் வேண்டும். தரையில் கிடத்துதல், கழுத்து, நெஞ்சு, முதுகு ஆகியவற்றில் அழுத்துதல், மூட்டுகளை முறுக்குதல் ஆகியன கூடா. ஆபத்து நீங்கியதும் பிடி நீங்க வேண்டும். மன்னிப்புக் கேட்கும்வரை பிடித்திருப்பின் அது தண்டனையாகிவிடும்.

பின்னர்க் குழந்தையை ஆய்ந்து, காயம், வாந்தி, மூச்சிரைப்பு இருப்பின் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். அன்றே பெற்றோரிடம் தெரிவித்து, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், உடனிருந்தோர், முன்னர் முயன்ற வழிகள் ஆகியவற்றை எழுதி வைத்தல் இன்றியமையாதது. அப்பதிவு குழந்தைக்கும் நேர்மையான ஆசிரியருக்கும் ஒருங்கே காப்பாகும். ஒரே மாணவரை மீண்டும் மீண்டும் பிடிக்க நேரின், தவிர்க்கும் திட்டம் தோற்றது என்பதையே பதிவு உணர்த்தும்.

முடிவுரை

தடுத்துப் பிடித்தல் கல்வி முறையும் அன்று, தண்டனையும் அன்று. ஏனைய வழிகள் யாவும் பயனற்றுப்போன வேளையில் உயிர் காக்க மேற்கொள்ளும் செயல். பினாங்கு மாநிலத்திலுள்ள 28 தமிழ்ப்பள்ளிகளும் இதற்கெனத் தமிழில் ஒரு பக்கப் பதிவுப் படிவத்தை வகுத்துக்கொள்வதற்குப் பெருஞ்செலவு ஆகாது. சிறப்புக் கல்வி வகுப்பில் குழந்தையோடு மிகுதியான நேரம் இருப்பவர் மாணவர் நல உதவியாளர் ஆதலின், பயிற்சி ஆசிரியரோடு நில்லாமல் அவரையும் சென்றடைதல் வேண்டும். ஆசிரியர் பயிற்சியில் முதலுதவிக்கு அடுத்தாற்போல் இதற்கும் ஒரு பாடவேளை ஒதுக்கப்படுமாயின், முன்னர்ச் சுட்டிய ஈரச்சங்களும் பெரிதும் குறையும் என்பது எமது துணிபு.